செல்லம்மாள் கொடுத்த செம்பும் நாங்கள் மூன்று பேரும்

1

பத்திராதிபர் ஐயா என்னிடம் கேட்டது வேறு. கோலாலம்பூரில் ரிக்‌ஷா எப்படி ஓடுகிறது, சீனர் கடையில் என்னென்ன விற்கிறார்கள், ரப்பர் மரத்தில் பால் எப்படி வடிகிறது, இதையெல்லாம் எழுதினால் நம் ஊர்ப் பெண்கள் ஆசையாகப் படிப்பார்கள் என்று கேட்டிருந்தார். எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு முறை ரிக்‌ஷா என்று ஆரம்பித்து இரண்டு முறையும் தாளைக் கிழித்துப் போட்டேன். என்னிடம் வேலை பழகின ஞானம் என்கிற பெண் கப்பலேறி நேற்றோடு ஒரு வருஷம் ஆகிறது. நாலு கடிதம் போட்டுவிட்டேன், அவளிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. அவள் இருக்கிறாளா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. இந்த நிலையில் நான் ரிக்‌ஷாவைப் பற்றி என்னத்தை எழுத?

ஆகவே ஐயா மன்னிக்க வேண்டும். பிடித்தால் அச்சடியுங்கள், இல்லாவிட்டால் அடுப்பில் போடுங்கள்.

நான் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன். ரயில் போனால் பானை சட்டியெல்லாம் ஆடுகிற இடம். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து காய்ச்சலில் போய்விட்டார். குவாட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னார்கள். மிஷன்தான் கூப்பிட்டு ஒரு வேலையும், கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறையும் கொடுத்தது. அந்த இரண்டு அறையில்தான் நானும் என் மகள் ரூபியும் காலம் தள்ளுகிறோம்.

ரூபி இப்போது எதிரே உட்கார்ந்து பூகோளப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். பதினாலு வயசு, இங்கிலீஷ் பள்ளிக்கூடம். "யாருக்கும்மா இது? லெட்டரா? டூ லாங்லா!" என்கிறாள். ஊருக்கு என்றேன். எட்டிப் பார்த்தாள். பார்த்து என்ன, தமிழ் எழுத்துத் தெரிந்தால்தானே? தன் பேரைப் போடுவாள், அதோடு சரி. பாசாரில் மீன்காரனோடு மலாயில் பேரம் பேசுவாள், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் பாட்டுப் பாடுவாள், என்னிடம் மூன்றையும் கலந்து கரைத்து ஊற்றுவாள். இதற்காக நான் எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். இன்றைக்கு என்னவோ சௌகரியமாக இருக்கிறது. பெற்ற பிள்ளையின் கண்ணெதிரே உட்கார்ந்து தாய் தன் குற்றத்தை எழுதலாம், அவள் பாட்டுக்கு இமயமலைக்குப் பழுப்பு வர்ணம் பூசிக்கொண்டிருப்பாள்.

2

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆறுதல் சொல்லப் பழகுகிற பெண்களை மேற்பார்வை பார்ப்பது. ஆறுதல் சொல்வதற்கும் ஒரு பழக்கமா, அதற்கும் ஒரு மேற்பார்வையா என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த நாட்கள் அவை. கப்பல் கப்பலாக நம் ஜனங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். புருஷன் போய்ப் பெண்டாட்டி நின்றுவிட்ட குடும்பமும் உண்டு, பிள்ளையை இங்கே புதைத்துவிட்டு வெறுங்கையோடு கப்பலேறினவர்களும் உண்டு. தோட்டத்துக் கூலிக்காரர் வரிசை வீடுகளான லயங்களிலும் ஆஸ்பத்திரியிலும் பேச்சு நின்றுபோய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்த பெண்களை நான் எண்ணி முடியாது. அவர்களிடம் போய் உட்கார்ந்து பேச, ஊரிலிருந்து படித்த பெண்களை மிஷன் வரவழைத்தது. அவர்களைப் பழக்க மூன்று பேர்: துரைசானி அம்மா, போதகர் ஐயா, நான்.

துரைசானி அம்மா நல்ல மனுஷி. சீமையில் மனசைப் பற்றிப் புதிதாக ஒரு படிப்பு வந்திருக்கிறதாம், லீவில் போனபோது கற்றுக்கொண்டு வந்தார். அவர் சித்தாந்தம் இதுதான்: ஆறுதல் சொல்லப் போன பெண் வாயைத் திறக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, கேள்வி கேட்டுக் கிளறக் கூடாது. அவளே பேசட்டும், நீ கேள். திரும்பி வந்து அவள் சொன்னதையும், அப்போது உன் உள்ளத்தில் ஓடினதையும் நோட்டில் எழுது. நோட்டைப் படித்துவிட்டுச் சரி, தப்பு என்று துரைசானி சொல்லமாட்டார். "நீ ஏன் அவ்விதம் உணர்ந்தாய்?" என்று மட்டும் கேட்பார். அதற்குப் பதில் சொல்லப் போனால் அந்தப் பதிலுக்கும் ஒரு ஏன்.

போதகர் ஐயாவுக்கு இது அடியோடு பிடிக்காது. துக்கம் என்பது ஆத்துமாவின் காரியம், அதற்கு மருந்து வேத வசனம், மனந்திரும்புதல், ஜெபம். "என்ன வசனம் சொன்னே? எத்தனை தரம் சொன்னே? அவ முழங்கால் போட்டாளா?" இதுதான் அவர் பரீட்சை.

எனக்குச் சித்தாந்தமெல்லாம் கிடையாது என்று பீற்றிக்கொள்வேன். அதுவே ஒரு சித்தாந்தம் என்று இப்போது தெரிகிறது. உலையில் அரிசி இருக்கிறதா, காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தாயா, ஆபீசில் போட வேண்டிய காகிதம் போட்டாயா, அவ்வளவுதான் நான் கேட்பேன். அழுகிறவள் அழட்டும், நமக்குக் காரியம் நடக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் வராந்தாவில் மூன்று நாற்காலி போட்டு உட்காருவோம். எதிரே ஒரு முக்காலியில் அந்தப் பெண். நோட்டில் துரைசானி பச்சை மை, போதகர் கறுப்பு மை, நான் சிவப்புப் பென்சில். மூன்று மாமியார் இருக்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் பாடுதான் அந்தப் பெண்ணுக்கு. ஒருத்தி கேள் என்பாள், ஒருத்தர் பேசு என்பார், இன்னொருத்தி எழுந்துபோய் வேலையைப் பார் என்பாள்.

ஒரே ஒரு விதியில் மட்டும் மூன்று பேரும் ஒத்துப்போனோம். போகிற வீட்டில் எதையும் வாங்கக் கூடாது. முன்னே ஒருத்தி கோழி, முட்டை, தேங்காய் என்று வாங்கிக்கொண்டு வந்து பெரிய கலாட்டாவாகிவிட்டது. அதனால் விதி: ஒரு வாய் கோப்பி கூடக் குடிக்கக் கூடாது.

3

ஞானம் திருநெல்வேலிப் பக்கம். தாய் தகப்பன் இல்லை, மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள். ஒரு மாமா இருப்பதாகச் சொல்லுவாள், அவரிடமிருந்து கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. இருபத்தொரு வயசு, ஒல்லி. இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். முதல் மாதம் எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. இது எங்கே உருப்படப் போகிறது என்று நினைத்தேன்.

அவளுக்குக் கொடுத்த வீடுகளில் ஒன்று, கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து லயம். ரயிலில் போய் இறங்கி, ஆற்றோரமாக இரண்டு மைல் நடக்க வேண்டும். அங்கே செல்லம்மாள் என்று பால் வெட்டுகிற பெண். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது புருஷன் ஊருக்குப் போகப் பேர் கொடுத்துக் கப்பலேறிவிட்டான். போய்க் கூப்பிடுகிறேன் என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனானாம். பிள்ளை பிழைக்கவில்லை. இவள் மறுநாளே கத்தியை எடுத்துக்கொண்டு பால் வெட்டப் போய்விட்டாள். வாய் மட்டும் பேசவில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர்தான் எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

ஞானம் புதன்கிழமை புதன்கிழமை போனாள். முதல் நாலு வாரம் நோட்டில் இரண்டே வரி: "போனேன். இருவரும் உட்கார்ந்திருந்தோம்." போதகர் ஐயா பொறுக்கமாட்டாமல், "உட்கார்றதுக்கா கப்பல் செலவு பண்ணிக் கொண்டாந்தோம்?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஐந்தாவது வாரம் செல்லம்மாள் வாயைத் திறந்தாள். "நீ வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்குச் சோறு எறங்குது, தங்கச்சி" என்று சொன்னாளாம். அன்றைக்குத் தோட்டத்திலிருந்து திரும்பினபோது ஞானத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. செல்லம்மாளை ஊருக்கு அனுப்ப அன்றைக்கே நான் மனு எழுத ஆரம்பித்துவிட்டேன். ஊருக்குப் போக இஷ்டமா என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை, சத்தியமாக.

4

பத்தாவது வாரத்து நோட்டை இங்கே அப்படியே எழுதுகிறேன். எனக்கு மனப்பாடம்.

"இன்று செல்லம்மாள் நன்றாகப் பேசினாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். வீட்டில் சாமான்கள் குறைவாக இருந்தன. அண்டாவை அடுத்த வீட்டு மாரியாயிக்குக் கொடுத்துவிட்டாளாம். கூறைப் புடவையை வேலை மேற்பார்க்கும் தண்டலின் மகளுக்குக் கொடுத்துவிட்டாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்பதால். புறப்படும்போது தன் பேர் வெட்டின பித்தளைச் செம்பை என் கையில் கொடுத்தாள். வச்சுக்க தங்கச்சி, என்னைய நெனைச்சுக்க என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பயமாயிருந்தது. வாங்கிக்கொண்டேன்."

படிக்கிற உங்களுக்கு விளங்கிவிட்டதல்லவா? எங்களுக்கு விளங்கவில்லை. நம் பெண்கள் பிறந்த வீட்டிலிருந்து பேர் வெட்டிக் கொண்டு வந்த பாத்திரத்தை உயிரோடு இருக்கையில் யாருக்கும் தூக்கிக் கொடுக்கமாட்டார்கள். பஞ்சம் வந்தால் அடகு வைப்பார்கள், அதுவும் அழுதுகொண்டே வைப்பார்கள். இது எனக்குத் தெரியாதா? எந்தச் சீமையில் படித்து இது தெரிய வேண்டும்? ஆனால் அந்தச் சனிக்கிழமை என் கண்ணுக்குச் செல்லம்மாள் தெரியவே இல்லை. விதியை மீறின ஞானம்தான் தெரிந்தாள்.

"நீ ஏன் வாங்கினாய், ஞானம்? அந்தச் சமயம் உன் உள்ளத்தில் என்ன இருந்தது?" என்றார் துரைசானி.

"பயம்மா."

"எதைப் பற்றிய பயம்? உன்னை அவள் நேசிக்காமல் போய்விடுவாள் என்றா?"

"தெரியலம்மா. அவ மொகம் ரொம்பத் தெளிவா இருந்துச்சு. அதான் பயமா இருந்துச்சு."

"தெளிவா இருந்தா சந்தோஷப்படணும், பயப்படுவாங்களா?" என்றார் போதகர். "பொருளாசைன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? செம்போ பொன்னோ, ஆசை ஆசைதான். அவளுக்கு நீ வசனம் சொன்னியா, அதச் சொல்லு மொதல்ல."

"இல்லைங்கய்யா."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் நோட்டைப் பிடுங்கி, 'எனக்குப் பயமாயிருந்தது' என்ற இடத்தைச் சிவப்புப் பென்சிலால் அடித்தேன்.

"உன் பயத்த யாருடி கேட்டா? காரியத்த எழுது. இன்னிக்கு செம்பு, நாளைக்கு கோழி. புதன்கிழமை கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துட்டு வா."

"அக்கா, திருப்பிக் குடுத்தா..."

"குடுத்தா என்ன? செம்பு கடிக்குமா?"

ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். ஞானத்தின் உள்ளம், ஞானத்தின் ஆசை, ஞானத்தின் கீழ்ப்படியாமை. ஒருத்தி தன் வீட்டை ஒழித்து ஊராருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாளே, எதற்கு என்று மூன்று பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. துரைசானியும் போதகரும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் முடிவுக்குத் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது.

5

செவ்வாய்க்கிழமை ஞானம் என் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நாளைக்கு நீங்களும் என்கூட வாங்களேன்."

"எனக்கு லேபர் ஆபீஸ் இருக்கு. யாருக்காகப் போறேன்? உன் செல்லம்மாளுக்காகத்தான்."

"ஒரு தடவை அவள வந்து பாருங்கக்கா. நீங்க பாத்தா உங்களுக்குத் தெரியும்."

"பாத்துட்டு என்ன பண்ண? டிக்கட்டுக்கு வழி பண்ணிட்டு வந்து பாக்குறேன். போ, போய் ரூபிக்குக் கணக்குச் சொல்லிக் குடு."

போனாள். ரூபிக்குக் கணக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

புதன்கிழமை நான் லேபர் ஆபீசில் இருந்தேன். அது மூன்றாவது தடவை. முதல் தடவை புருஷன் போன கப்பல் பேர் வேண்டும் என்றார்கள். அலைந்து திரிந்து கண்டுபிடித்துக் கொண்டுபோனால், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அதையும் வாங்கிக் கொண்டுபோனால் அன்றைக்குக் கிளார்க்கு பாரத்தை இப்படியும் அப்படியும் புரட்டி, "குடும்பத் தலைவர் கைநாட்டு இல்லையே" என்கிறான்.

"குடும்பத் தலைவன்தான் ஓடிட்டானே அண்ணே!"

"அப்ப அவரு ஊர்லேருந்து போட்டு அனுப்பட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையைத் தட்டினேன். பக்கத்தில் நின்ற சீக்கிய வாட்ச்மேன் என்னை வெளியே போகச் சொன்னான். போகமாட்டேன் என்று சாயங்காலம் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பெரிய துரை பார்த்துவிட்டு, பார்க்கிறேன் என்றார். ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்கு வந்தேன். செல்லம்மாளுக்காக இவ்வளவு பாடுபட்டவள் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று சோறு பிசைந்துகொண்டே நினைத்தேன்.

அன்றைக்கு ஞானம் எழுதினது நாலு வரி. "செம்பைத் திண்ணையில் வைத்தேன். உனக்குமா வேணாம் என்று கேட்டாள். விதி என்று சொன்னேன். பரவாயில்ல தங்கச்சி என்று சிரித்தாள்."

வியாழக்கிழமை விடியற்காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டில் பேர் கூப்பிட்டபோது செல்லம்மாள் வரவில்லை. மத்தியானம் ஆற்றில் எடுத்தார்கள்.

6

சனிக்கிழமை வராந்தாவில் அதே மூன்று நாற்காலி, அதே முக்காலி. தோட்டத்து மானேஜர் துரை காரமாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். உங்கள் ஆள் வந்துபோன மறுநாள் என் கூலிக்காரி செத்திருக்கிறாள், இனி என் தோட்டத்தில் யாரும் கால் வைக்க வேண்டாம் என்று. மேலிடத்துக்குப் பதில் அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு பாரம். பாரத்தில் ஒரு கட்டம்: தவறு செய்த ஊழியரின் பெயர். ஒரே ஒரு பேர் எழுதத்தான் அதில் இடம் இருந்தது.

ஞானம் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. முகம் வெளிறி, உதடு வெடித்து உட்கார்ந்திருந்தாள்.

"செம்பைத் திருப்பிக் கொடுத்தது யார்?" என்று துரைசானி கேட்டார். அந்த அம்மாளும் இரண்டு நாளாக அழுதிருந்தார்.

"நாந்தாம்மா குடுத்தேன்" என்றாள் ஞானம்.

அக்கா சொல்லித்தான் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டாள். நான் சொல்லுவேன் என்று காத்திருந்தாள் போலும். துரைசானியும் போதகரும்கூட அந்தச் சிவப்புப் பென்சிலைப் பார்த்தவர்கள்தான், தலையாட்டினவர்கள்தான். ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, அல்லது ஞாபகம் வர வேண்டாம் என்று எல்லோரும் இருந்தோம்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இரண்டு அறையை நினைத்தேன். ரூபியின் பள்ளிக்கூடத்தை நினைத்தேன். மிஷன் வெளியே போ என்றால் ராத்திரி எந்தச் சத்திரத்தில் போய்ப் படுப்பது என்று நினைத்தேன். போதகர் கட்டத்தில் ஞானத்தின் பேரை எழுதினார். அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடுவது என்று தீர்மானமாயிற்று. ஜெபம் பண்ணி முடித்தோம். ஆமென் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

7

சனி, ஞாயிறு, திங்கள். மூன்று நாள் நான் நடமாடினேன், சமைத்தேன், ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கூடப் பாடினேன். ஞானம் எங்களை அடுத்து, பழக வந்த பெண்கள் தங்குகிற அறையில் இருந்தாள். சுவர் பலகைச் சுவர். அவள் புரண்டு படுப்பது கூடக் கேட்கும். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்ல ஆள் பழக்குகிறவள், பலகைக்கு அந்தப் பக்கம் கிடக்கிற பெண்ணிடம் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை தாங்கமாட்டாமல் துரைசானி பங்களாவுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். நான்தான் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன், அவள் கூப்பிட்டபோது நான்தான் போகவில்லை, என் பேரை எழுதுங்கள், வேலை போனால் போகட்டும் என்று அழுதேன்.

துரைசானி கடைசி வரை கேட்டார். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதைச் சொன்ன பிறகு உன் உள்ளம் எவ்விதம் இருக்கிறது, எஸ்தர்?" என்றார்.

ஐயோ, தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "என் உள்ளம் கெடக்கட்டும்மா, அந்தப் பொண்ண நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

போதகர் ஐயாவிடம் போனேன். அவர் கண்ணை மூடி எனக்காக ஜெபம் பண்ணினார். "அறிக்கை பண்ணிட்டீங்க, கர்த்தர் மன்னிச்சாரு. ஆனா அந்தப் பாரத்த அனுப்பியாச்சும்மா. டிக்கட்டும் வாங்கியாச்சு. இப்ப பேர மாத்துனா மேலிடத்துல நம்ம எல்லாருக்குமே கேள்வி வரும்" என்றார்.

என் வேலை போகவில்லை. வீடு போகவில்லை. எதற்குப் பயந்து வாயை மூடினேனோ அதில் ஒன்றுகூட நடக்கவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. சனிக்கிழமையே சொல்லியிருந்தால் பாரத்தில் என் பேர் ஏறியிருக்கும், அவள் இங்கே இருந்திருப்பாள், அவ்வளவுதான் வித்தியாசம். பத்து நாள் கழித்து லேபர் ஆபீசிலிருந்து செல்லம்மாளின் டிக்கட்டுக்கு உத்தரவு வந்தது. நான் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

8

கிள்ளான் துறைமுகத்துக்கு நான் ஒருத்திதான் அவளோடு போனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய். டெக்கில் போகிறவர்களை வரிசையில் நிறுத்தி, டாக்டர் வந்து நாக்கையும் கண்ணையும் பார்த்தார். கூட்டமும் கூச்சலும். அந்த இரைச்சலில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

"ஞானம், துரைசானிகிட்ட நான் சொல்லிட்டேன். தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன். உன் மேல ஒண்ணுமில்ல. கேட்டியா? நீ பயந்தது சரி. நாங்க மூணு பேரும்தான் கண்ண மூடிக்கிட்டோம்."

வரிசை இரண்டு அடி நகர்ந்தது. பெட்டியைத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"மரியா அக்கா சொன்னா நீங்க செவ்வாய்க்கெழம போய்ச் சொன்னீங்கன்னு." மரியா என்பது துரைசானி வீட்டு ஆயா.

"ஆமாம்மா."

"சனிக்கெழம சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருப்பேன்க்கா."

"இப்ப நம்பக் கூடாதா?"

"நம்பணும்னுதான் இருக்கு. ஆனா அந்த மூணு நாளும் நான் ஒண்டியா படுத்துக் கெடந்து நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். செம்ப வச்சது என் கை. விதின்னு சொன்னது என் வாய். அவ சிரிச்சப்ப எழுந்திரிச்சு வந்தது என் காலு. நாந்தான்னு எனக்கு நானே சொல்லிச் சொல்லி அது உள்ளாற எறங்கிப் போச்சு. இப்ப நீங்க வந்து இல்லைங்கிறீங்க. காதுல கேக்குது. உள்ள போக மாட்டேங்குது."

நான் அவள் கையைப் பிடித்தேன். கேட்டுக்கொண்டு சும்மா நிற்பதா, வசனம் சொல்வதா, ஏதாவது காரியம் பண்ணுவதா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. இத்தனை பெண்களைப் பழக்கினவள் நான்.

"ஊருக்குப் போய் மாமா வீட்டுக்குத்தானே போவே?" என்று மட்டும் கேட்டேன்.

"பாப்பம்க்கா."

"லெட்டர் போடு."

"சரிக்கா."

அவள் முகம் தெளிவாக இருந்தது. கோபம் கீபம் ஒன்றும் இல்லை. செல்லம்மாள் முகம் தெளிவாயிருந்தது என்றுதான் அவள் அன்றைக்குப் பயந்தாள் என்பது ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அவளை இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். டிக்கட், பாரம், டாக்டர் முத்திரை, பின்னால் நின்ற கூட்டம், எல்லாம் அவளை ஏணியில் தள்ளிக்கொண்டு போயிற்று.

9

ஒரு வருஷம் ஆகிறது. போர்டிங்குக்கு எழுதினேன், அவள் அங்கே வரவில்லை என்றார்கள். மிஷன் ஏட்டில் இருந்த மாமாவின் விலாசத்துக்கு மூன்று கடிதம் போட்டேன், ஒன்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது, மற்ற இரண்டும் வரவில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கினாளா என்று கப்பல் கம்பெனியில் கேட்டேன். டெக் பாசஞ்சர் பேரெல்லாம் அவ்வளவு நாள் வைத்திருக்கமாட்டோம் என்றார்கள்.

இங்கே என்ன நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். இனி வரும் பெண்களைப் பழக்க ஒரு முறை வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டு, அதை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்துத் தருகிறார்களாம். மூன்று மாதமாக வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேட்பது சரியா, போதிப்பது சரியா, செய்வது சரியா என்று எழுத வேண்டுமாம். மூன்றும் சரிதான். மூன்றையும் வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஒரு பெண்ணை ஆற்றுக்கு அனுப்பினோம், இன்னொரு பெண்ணைக் கப்பலுக்கு அனுப்பினோம். இதை எந்த அத்தியாயத்தில் எழுதுவது?

போன வாரம் புதிதாக ஒரு பெண் வந்தாள். சனிக்கிழமை நோட்டை நீட்டினாள். நான் சிவப்புப் பென்சிலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததைப் பார்த்து, "தண்ணி வேணுமாக்கா?" என்று கேட்டாள். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் வாய்தான் பாடுகிறது. ராப்பகலாக எனக்கு ஒரே நினைப்பு. பலகைச் சுவர் அவ்வளவு மெல்லியதாக இருந்ததே, நான் ஏன் ஒரு தட்டுத் தட்டவில்லை?

ரூபி படத்தை முடித்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். "வை ஆர் யூ க்ரையிங், மா?" என்கிறாள். ஒன்றுமில்லை, கண் வலி என்றேன். சரி என்று பென்சில் சீவப் போய்விட்டாள்.

பத்திராதிபர் ஐயா, இதை அச்சடிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். என் பேரைப் போட்டே அச்சடியுங்கள், மிஷனில் பார்த்தால் பார்க்கட்டும். வாசிக்கிற சகோதரிகளே, உங்கள் பத்திரிகை திருநெல்வேலிப் பக்கம் வீட்டுக்கு வீடு போகிறது என்று கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ யார் வீட்டுச் சமையலறையிலோ இடது புருவத்தில் தழும்போடு, மெதுவாகப் பேசுகிற ஒரு பெண்ணைப் பார்த்தால், பேர் ஞானம்தானா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பக்கத்தில் உட்காருங்கள், தனியாக விடாதீர்கள். என்னை மன்னிக்கச் சொல்ல வேண்டாம். என் பேரைக் கூட எடுக்க வேண்டாம். எனக்கு ஒரு கார்டு மட்டும் போடுங்கள். ஒரு வரி கூட வேண்டாம். இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.